சிறு விமான இன்ஜினுக்கு மரமா, அலுமினியமா, கார்பனா: புரொப்பெல்லர் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பொருளை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு இன்ஜினை இணங்க வைக்கப் பார்க்கிறார்கள். "அலுமினியம்தானே பலம்?" என்ற கேள்வியே தவறு. இழுவிசையில் ஒப்பிட்டால் அலுமினியம் மரத்தை விட எத்தனையோ மடங்கு உறுதி. ஆனால் புரொப்பெல்லரை முறிப்பது இழுவிசை மட்டும் அல்ல, இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் கொடுக்கும் துடிப்பு. அந்தத் துடிப்பை எந்தப் பொருள் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

எனவே வரிசை இது: முதலில் இன்ஜின், பிறகு புரொப்பெல்லரின் விட்டம், பிறகு சுழற்சித் தடை (சுற்றும் வேகம் மாறுவதைப் புரொப்பெல்லர் எவ்வளவு எதிர்க்கிறது என்பது), அதற்குப் பிறகுதான் பொருள். கடைசியில் நம் நெல்லைச் சீமையின் காற்றும் மணலும்.

1. இன்ஜினைப் பற்றி ஆறு விவரங்கள்

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: முழுத் திறன் வரும் வேகம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கியர் விகிதம், சுழலும் திசை, போல்ட் வட்டத்தின் (போல்ட் துளைகள் அமைந்த வட்டம்) விட்டமும் போல்ட்டின் அளவும், கியர்பாக்ஸ் தாங்கும் அதிகபட்சச் சுழற்சித் தடை, தரைக்கும் பிளேடு நுனிக்கும் இடைவெளி.

ஆறும் கையில் இல்லாமல் விலை விசாரிக்கப் போகாதீர்கள். ரோட்டாக்ஸ் 503, 582 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களின் கியர்பாக்ஸில் 75 மி.மீ வட்டத்தில் ஆறு 8 மி.மீ போல்ட்டுகள் வழக்கம். வேறு வட்டத்துக்குத் துளையிட்ட புரொப்பெல்லர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே விரல் அகலம் மரம்கூட இல்லாமல் மறுதுளை போடுகிறவர்கள் உண்டு. அந்த ஹப் (புரொப்பெல்லரின் நடுப்பகுதி) குப்பைக்குத்தான்.

நுனிக்கும் தரைக்கும் இடைவெளி, மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தில் குறைந்தது 18 செ.மீ, வால் சக்கரம் உள்ளதில் 23 செ.மீ. இதை டயரில் சரியான காற்று வைத்து, ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும்.

2. விட்டமும் நுனி வேகமும்

நுனி வேகம் = 3.14 × விட்டம் × வினாடிக்கு எத்தனை சுற்று. நம் பக்கத்து 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். நுனி அதை நெருங்கக்கூடாது. மர பிளேடு தடித்தது என்பதால் 250 மீட்டருக்குள் நிற்பது நல்லது. மெல்லிய உலோக பிளேடு 280 வரை போகலாம். அதைத் தாண்டினால் சத்தம்தான் அதிகமாகும், விமானத்தை முன்னே இழுக்கும் விசை அதிகமாகாது.

கியர் இல்லாமல் நேரடியாகக் கிராங்கில் (இன்ஜினின் சுழலும் தண்டில்) புரொப்பெல்லர் மாட்டிய ஃபோக்ஸ்வாகன் இன்ஜின் நிமிடத்துக்கு 3300 சுற்றில், அதாவது வினாடிக்கு 55 சுற்றில், ஓடுகிறது என்று வையுங்கள். 1.4 மீட்டர் விட்டத்துக்கு நுனி வேகம் 242 மீட்டர், சரி. 1.6 மீட்டர் மாட்டினால் 276. மரத்துக்கு அது அதிகம், விட்டத்தைக் குறையுங்கள்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, கியர் உள்ள இன்ஜினில் கிராங்கின் சுற்றை வைத்துக் கணக்குப் போடுவது. 6500 சுற்று ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு 2.58 விகிதத்தில் கியர் இருந்தால் புரொப்பெல்லர் சுற்றுவது 2520தான். இதை மறந்தவர் பயந்துபோய் குட்டையான பிளேடு வாங்குவார். பிறகு விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பாது.

3. இன்ஜினின் துடிப்பு: எது கூடாது என்பதை முதலில் நீக்குங்கள்

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கிராங்கை உதைக்கிறது. பிளேடு ஒவ்வொரு உதைக்கும் சற்று வளைந்து மீள்கிறது. அதன் இயல்பான அதிர்வெண்ணோடு அந்த உதை ஒத்துப்போனால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல வீச்சு பெருகும். மரம் இந்த அதிர்வை உள்ளேயே தின்றுவிடும். அலுமினியம் மணி போல ஒலித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு அதிர்வும் களைப்பாகச் சேரும். அலுமினியத்துக்கு "இந்த அளவுக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் பாதகமில்லை" என்ற எல்லை கிடையாது.

இதிலிருந்து வரும் விதிகள்:

ஃபோக்ஸ்வாகன் போன்ற கார் இன்ஜினில் கிராங்க் முனையிலேயே ஹப் வைத்து ஓட்டினால் மரம் மட்டுமே. அந்தக் கிராங்க் புரொப்பெல்லருக்காகச் செய்யப்பட்டதல்ல. கனமான உலோகம் மாட்டித் திருப்பத்தில் மூக்கைச் சட்டென்று திருப்பினால், சுழலும் எடை பம்பரம் போல எதிர்த்து நின்று கிராங்க் முனையை வளைக்கும். முறிந்தால் புரொப்பெல்லர் ஹப்போடு கழன்று போய்விடும்.

கியர்பாக்ஸ் உள்ள இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மரமோ, இலேசான ஃபைபர் பிளேடோ. அலுமினியம் வேண்டாம்.

ரோட்டாக்ஸ் 912 வகைக்குக் கார்பன் அல்லது கண்ணாடி இழை பிளேடு பொருத்தம், மரமும் ஓடும்.

லைக்கமிங், கான்டினென்டல் போன்ற விமான இன்ஜின்களுக்கு மரம் எப்போதும் சரி. அலுமினியம் என்றால், அந்த இன்ஜின் மாடலுக்கும் அந்தப் புரொப்பெல்லர் மாடலுக்கும் சேர்த்து அதிர்வுச் சோதனை செய்யப்பட்ட ஜோடியாக இருக்க வேண்டும். சில ஜோடிகளில் "இந்தச் சுற்றிலிருந்து இந்தச் சுற்று வரை தொடர்ந்து ஓட்டாதே" என்ற தடையும் இருக்கும். அந்த எல்லை முழுவதையும் டாக்கோமீட்டரில் (சுற்றைக் காட்டும் மீட்டர்) சிவப்பு வளைவாக வரைந்து வையுங்கள்.

பெரிய விமானத்தின் அலுமினியப் புரொப்பெல்லரை நுனியில் வெட்டிக் குட்டையாக்கி மாட்டும் வழக்கம் ஒன்று உண்டு. வெட்டியவுடன் அதன் அதிர்வெண் மாறிவிடுகிறது. பழைய சோதனைச் சான்று அந்த நிமிடமே செல்லாது.

4. சுழற்சித் தடையை வீட்டிலேயே அளப்பது

கியர்பாக்ஸ் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அந்த எடை சுழலும் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ரோட்டாக்ஸின் பி வகை கியர்பாக்ஸுக்கு எல்லை 3000 கிலோ-சதுர செ.மீ. சி, இ வகைகளுக்கு 6000. எல்லை மீறினால் ஐடிலில் (இன்ஜின் மிகக் குறைந்த சுற்றில் ஓடும்போது) பற்கள் கடகடவென்று அடிக்கும், போகப்போகப் பற்களில் குழி விழும்.

விற்பவர் இந்த எண்ணைத் தராவிட்டால் அளந்துகொள்ளலாம். புரொப்பெல்லரைப் படுக்கைவாட்டில், மையத்திலிருந்து இருபுறமும் 30 செ.மீ தள்ளி, இரண்டு நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள். நூல் நீளம் 2 மீட்டர், மேலேயும் கீழேயும் நூல்களின் இடைவெளி அதே 60 செ.மீ. கொஞ்சம் முறுக்கி விட்டால் இடமும் வலமுமாகத் திரும்பும். 20 முழு ஆட்டத்துக்கு நேரம் எடுங்கள்.

தடை = எடை × 9.81 × இடைவெளியின் வர்க்கம் × ஓர் ஆட்ட நேரத்தின் வர்க்கம் ÷ (158 × நூல் நீளம்). எடை கிலோவில், இடைவெளியும் நூல் நீளமும் மீட்டரில். 2.4 கிலோ மரப் புரொப்பெல்லருக்கு 20 ஆட்டம் 64.6 வினாடி என்றால் ஓர் ஆட்டம் 3.23. கணக்கில் 0.28 கிலோ-சதுர மீட்டர் வரும். பத்தாயிரத்தால் பெருக்கினால் 2800. பி கியர்பாக்ஸுக்குப் பொருந்தும், ஆனால் அதிகம் மிச்சமில்லை. நுனியில் கனமான பித்தளைத் தகடு சேர்த்தால் எல்லையைத் தாண்டிவிடலாம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்து பாருங்கள். ஊசலாட்டம் இல்லாமல் முறுக்கு மட்டும் இருக்க வேண்டும்.

5. மரம்: எதை வாங்குவது, எதை ஒதுக்குவது

மரப் புரொப்பெல்லர் ஒரே கட்டையில் செதுக்குவதல்ல. 12 முதல் 20 மி.மீ பலகைகள் ஐந்து முதல் ஒன்பது வரை ஒட்டிய அடுக்கு. பலகை மெல்லியதானால் முறுக்கிக்கொள்ளும் குணம் குறையும், ஒரு பலகையின் மறைவான குறை மற்றதால் தாங்கப்படும்.

மேப்பிள், பர்ச், பீச், ஆஷ் ஆகியவை வெளிநாடுகளில் காலங்காலமாகப் பயன்படும் மரங்கள். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் இறக்குமதி மரம் தென்மாவட்டங்களில் புழங்குவதால், இவற்றில் ஏதாவது கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். தேக்கு எல்லா மரக்கடையிலும் இருக்கிறது, நிலையானதும்கூட. ஆனால் எண்ணெய்ப் பசை உள்ள மரம். ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்து உடனே ஒட்ட வேண்டும், திடீர் அடிக்கு அது சற்றே நொறுங்கும் சாதி. வேங்கை கனமானது, நார் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னியிருக்கும். இழைப்புளி எந்தப் பக்கம் தள்ளினாலும் பிய்த்துக்கொண்டு வரும். பிளேடின் பின் விளிம்பை 3 மி.மீ வரை இறக்கும்போது அந்தப் பிய்ச்சல் பெரிய தொல்லை.

ரேகையின் (மரத்தில் நார் ஓடும் கோடு) சாய்வு 15 செ.மீ நீளத்துக்கு 1 செ.மீக்கு மேல் போகக்கூடாது. மேல்முகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், பக்கவாட்டு முகத்தையும் பாருங்கள். கணு, கருப்புக் கோடு, பூச்சித் துளை எதுவும் பிளேடு பகுதியில் வரக்கூடாது. காரணம் எளிது: 0.8 கிலோ எடையுள்ள ஒரு பிளேடின் எடை மையம் 35 செ.மீ தள்ளி இருந்து 3300 சுற்றில் சுழன்றால், அதை ஹப்பிலிருந்து பிடுங்க முயலும் விசை 3 டன்னுக்கு மேல். அந்த விசை நார் வழியாக நேராக ஓட வேண்டும்.

அடுத்தது ஈரம். மரக்கடையில் "ரெண்டு வருசம் காஞ்சது அண்ணாச்சி, சந்தேகமே வேண்டாம்" என்பார்கள். மறுக்க வேண்டாம், எடை போடுங்கள். பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்புறமாக 25 மி.மீ துண்டு வெட்டி, நகைக்கடை வகை எடை மிஷினில் எடை பாருங்கள். 103 டிகிரியில் ஓவனில் வைத்து, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி மீண்டும் நிறுங்கள். 86.4 கிராம் 76.1 ஆனால், இழந்த 10.3ஐ 76.1ஆல் வகுக்க 13.5 சதவீதம். 8 முதல் 12க்குள் வரும்வரை காத்திருங்கள். அடுக்கின் எல்லாப் பலகைகளும் ஒன்றுக்கொன்று 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று சுருங்கும்போது பசைக் கோடு இழுபடும்.

நெல்லைச் சீமையில் இந்த எண்ணுக்குத் தனி அர்த்தம் இருக்கிறது. ஆனி ஆடியில் செங்கோட்டையிலும் தென்காசியிலும் சாரல், காற்றே ஈரம். அதே நாளில் வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் மேல்காற்று காய்ந்து வீசுகிறது. செங்கோட்டைப் பட்டறையில் சாரலில் ஒட்டி, வள்ளியூரில் மாட்டினால் சில வாரங்களில் மரம் 4 சதவீதம் ஈரம் இழந்துவிடலாம். 100 மி.மீ தடித்த ஹப் அப்போது, பலகை அறுத்த திசையைப் பொறுத்து, 0.6 முதல் 1.3 மி.மீ வரை சுருங்கும். 8 மி.மீ எஃகு போல்ட் முறுக்கும்போது நீள்வது கால் மில்லிக்குள்தான். ஆக, பிடிமானத்தில் பெரும் பங்கு யாரும் தொடாமலே போய்விடும்.

பசையில் இரண்டுதான் பரிசீலனைக்கு: ரிசார்சினால், எப்பாக்ஸி. மேசை நாற்காலிக்குப் போடும் வெள்ளைப் பசை தொடர் சுமையில் மெல்ல வழுகும், அது கூடாது. ரிசார்சினால் வெயிலுக்கு அசையாது, ஆனால் பலகைகள் மிக நெருக்கமாகப் பொருந்த வேண்டும், கிளாம்ப் அழுத்தம் பலமாக வேண்டும், நம் வெப்பத்தில் கலவை சீக்கிரம் இறுகிவிடும். காலை ஆறு மணிக்கு ஒட்டுங்கள். எப்பாக்ஸி சிறு இடைவெளியை மன்னிக்கும். ஆனால் அறை வெப்பத்தில் இறுகிய சாதாரண எப்பாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கிறது. சித்திரை வெயிலில் கருப்புப் பெயின்ட் அடித்த பிளேடு அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். எப்பாக்ஸி என்றால் பிளேடுக்கு வெள்ளை நிறம். கருப்பு அழகு வேண்டுமென்றால் ரிசார்சினால். பிளேடின் பின்முகம், அதாவது விமானியின் கண்ணுக்குத் தெரியும் முகம், கண் கூசாமல் மங்கலாக இருந்தால் போதும், சாம்பல் நிறம் அதற்குச் சரி.

6. அலுமினியம்

மரத்தை விட மெல்லிய பிளேடு, அதனால் வேகத்தில் கொஞ்சம் இலாபம். மழையும் மணலும் சட்டென்று அரிக்காது. அத்துடன் அதன் நன்மை முடிந்தது. சிறு லைக்கமிங்குக்கு உரிய மரப் புரொப்பெல்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எடை, அதுவும் மூக்கின் நுனியில். எடை மையக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

பழைய உலோகப் புரொப்பெல்லர் வாங்குகிறவர் விரல் நகத்தை முன் விளிம்பில் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் ஒவ்வொரு வடுவும் விரிசலின் தொடக்கம். அரத்தால் வடுவை மட்டும் நோண்டாமல், அதன் ஆழத்தைப் போலப் பத்து மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து, உப்புத்தாளைப் பிளேடின் நீளவாட்டில் தேய்த்து முடிக்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடு புது வடு. எவ்வளவு ஆழம் வரை இழைக்கலாம் என்பது தயாரிப்பாளரின் எல்லை. ஒருமுறை வளைந்து நிமிர்த்திய பிளேடை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

7. கார்பன், கண்ணாடி இழை

தரையில் நின்று பிட்சை (பிளேடு திரும்பியிருக்கும் கோணத்தை) மாற்றிக்கொள்ள முடியும் என்பதே இந்த வகையின் பெரிய வசதி. மரத்தில் பிட்ச் தவறினால் புதுப் புரொப்பெல்லர்தான். இதில் ஸ்பேனர் போதும். ஒரு டிகிரி மாற்றினால் ரோட்டாக்ஸ் வகையில் இன்ஜின் சுற்று ஏறத்தாழ 200 மாறும். எல்லா பிளேடும் கால் டிகிரிக்குள் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடைச் சமநிலை சரியாக இருந்தும் இருக்கை அதிரும். டிஜிட்டல் கோணமானியை ஒவ்வொரு பிளேடிலும் நுனியிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து அளக்க வேண்டும். பிளேடுகளை அளக்க விமானத்தை நகர்த்தாதீர்கள், புரொப்பெல்லரைத் திருப்பி ஒவ்வொரு பிளேடையும் அதே படுக்கை நிலைக்குக் கொண்டுவாருங்கள். தரையின் சாய்வு அப்போது எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிடும்.

கார்பன் விறைப்பானது. எடை இலேசு என்றாலும் துடிப்பை மரம் போல விழுங்காது. அதனால் நேரடிக் கிராங்க் இன்ஜினுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டக்கூடாது.

உள்ளே அடுக்கு விட்டுப் போனதை வெளியே பார்க்க முடியாது. ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் "டிக்" என்று கணீரென இருக்கும், விட்டுப்போன இடத்தில் "டொப்" என்று செத்த சத்தம். பேனாவால் வட்டமிட்டு வையுங்கள். அடுத்த முறை வட்டம் பெரிதானால் அந்தப் பிளேடு ஓய்வுக்கு.

8. தேரி மணல், உப்புக் காற்று

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துச் சிவந்த தேரி மணல் நுண்ணியது, காற்றில் எளிதில் எழும்பும். ஒரே இடத்தில் நின்றுகொண்டு முழுத் திராட்டில் கொடுத்தால் (இன்ஜினை முழு வேகத்துக்குத் திறந்தால்), புரொப்பெல்லர் தானே சுழலை உண்டாக்கி மணலை உறிஞ்சி எடுக்கும். சில நிமிடங்களில் பெயின்ட் போய் மரத்தின் ரேகை தெரியும். சோதனை ஓட்டத்துக்குச் சிமென்ட் தளம் தேடுங்கள், இல்லையென்றால் கனத்த தார்ப்பாயை ஆணியடித்துப் பிடியுங்கள். தளர்ந்த தார்ப்பாய் மணலை விடக் கேடு.

முன் விளிம்பின் வெளி மூன்றில் ஒரு பங்குக்குப் பாதுகாப்பு வேண்டும். காற்றாலை இறக்கைகளில் ஒட்டுவது போன்ற பாலியுரேத்தேன் டேப் எளிது, கிழிந்தால் மாற்றலாம். ஒன்றில் கிழிந்தாலும் இரண்டு பிளேடிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சமநிலை கெடும். பித்தளைத் தகடு உறுதியானது. ஆனால் நுனியில் 1.5 மி.மீ துளை மூன்று போடாவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் நுனி மரம் உளுத்துவிடும்.

உவரி, மணப்பாடு போன்ற கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் கார்பனும் அலுமினியமும் நேராகத் தொடும் இடத்தைக் கவனிக்க வேண்டும். உப்பு ஈரம் இடையில் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். நடுவில் கண்ணாடி இழைத் தகடோ, பெயின்ட் பூச்சோ வையுங்கள்.

ஐப்பசி மழையில் மரப் புரொப்பெல்லரை முழுச் சுற்றில் ஓட்டாதீர்கள். மழைத்துளி அந்த வேகத்தில் சரளைக்கல் மாதிரி.

9. மரத்தை மாட்டுவது

மரப் புரொப்பெல்லரைச் சுற்றுவது போல்ட் அல்ல. பிளேஞ்சுக்கும் (இன்ஜின் தண்டின் முனையில் உள்ள தட்டு) மரத்துக்கும் நடுவே உள்ள உராய்வு. போல்ட்டின் வேலை அமுக்குவது மட்டும். எனவே ஹப்பின் முன்பக்கம் வைத்து போல்ட்டால் அமுக்கும் முன் தகட்டின் விட்டம் முக்கியம். 8 மி.மீ போல்ட்டை 20 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் ஒன்றுக்கு 1.25 டன் அமுக்கம், ஆறுக்கும் 7.5 டன். 125 மி.மீ தகட்டில் அது சதுர செ.மீக்கு 67 கிலோ. 100 மி.மீ தகட்டில் 110 கிலோ, மேப்பிளே நசுங்கும். இந்த 20 உதாரணத்துக்குத்தான். முறுக்கு எண்ணைப் புரொப்பெல்லர் செய்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று சுற்றில், எதிரெதிர் போல்ட்டாக ஏற்றுங்கள். சுயபூட்டு நட்டு என்றால், நட்டு சும்மா திரும்பவே எடுக்கும் முறுக்கை முதலில் அளந்து இலக்கோடு கூட்டுங்கள்.

மரை முடிந்து முட்டி நின்றுவிட்ட போல்ட் டார்க் ரெஞ்சில் (முறுக்கை அளக்கும் ஸ்பேனர்) சரியான எண்ணைக் காட்டும், மரம் மட்டும் அமுங்கியிருக்காது. புதியவர்கள் அதிகம் விழும் குழி இது. வாஷர் ஒன்று கூடப் போட்டு மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

பிறகு நாற்காலி ஒன்றை நுனிக்கு முன் நிறுத்தி இரண்டு பிளேடும் அதே புள்ளியைத் தொடுகின்றனவா என்று கையால் சுற்றிப் பாருங்கள். பிளக் வயர் கழற்றியிருக்க வேண்டும். மரத்தில் வித்தியாசம் 3 மி.மீக்குள், உலோகத்தில் 1.5க்குள்.

நிறுத்தி வைக்கும்போது பிளேடு படுக்கைவாட்டில் இருக்கட்டும். செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ்ப் பிளேடில் இறங்கிச் சமநிலை போகும்.

10. முதல் ஓட்டம்

வாலைக் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். புரொப்பெல்லர் சுழலும் தளத்தின் நேர்ப் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் நிற்பதே அங்கேதான். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி ராக்கெட் சோதனை மையமும் இருக்கும் மாவட்டம் இது. தரையில் ஓட்டுவதோடு நிறுத்துங்கள், வானில் ஏறும் பேச்சு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி கைக்கு வந்த பிறகு.

முழுத் திராட்டிலில் சுற்று எவ்வளவு என்று குறியுங்கள். ரோட்டாக்ஸ் 912 முழுத் திராட்டிலில் 5200க்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம், இன்ஜின் திணறுகிறது. பிட்சைக் குறைத்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.

ஒரு மணி நேரம் ஓடியதும் முறுக்கைச் சோதியுங்கள். பிறகு 25 மணியில், அதன்பின் 50 மணிக்கு ஒருமுறை. மேல்காற்று தொடங்கும்போதும், ஐப்பசி மழை முடிந்த பிறகும், ஓடாமல் நின்றிருந்தாலும்கூடச் சோதிக்க வேண்டும். கழற்றும்போது ஹப்பின் பின்முகத்தைப் பாருங்கள். போல்ட் துளையைச் சுற்றிக் காப்பித்தூள் போலப் பொடி, பிளேஞ்ச் பட்ட இடத்தில் கருகிய வளையம், லேசான தீய்ந்த வாடை இருந்தால் மரம் வழுக்கி உராய்ந்திருக்கிறது. துளை நீள்வட்டமாகியிருந்தால் மறுபடி முறுக்கி ஓட்டுவதற்கில்லை. அந்த ஹப்பை இரண்டாக அறுத்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டாமல் இருக்க.